அமாவாசை விரதம் இருந்த குதிரை

எங்கள் வீட்டுக் குதிரையைப் பற்றிப் பழனிசெட்டிபட்டியில் யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள். அதில் முக்கால்வாசி பொய். மீதிக் கால்வாசி என் வீட்டுக்காரர் கிளப்பிவிட்டது, அதுவும் பொய்தான். அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

நான் செக்கு எண்ணெய்க் கடை வைத்திருக்கிறேன். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றும் என் கண் முன்னால்தான் ஆட்டுவேன். வீட்டுக்காரர் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். தேனியிலிருந்து குமுளி வரைக்கும் உள்ள ஒவ்வொரு வளைவும் அவருக்குச் சொந்தக்காரர் வீடு மாதிரி. வேலை முடிந்த பிறகு டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டு, விளம்பரத்தில் வருகிற காருக்கெல்லாம் தரையில் காலை அழுத்திப் பிரேக் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "ஏதாச்சும் செய்யுங்க. இல்லேன்னா நான் ஏதாச்சும் செஞ்சுருவேன்" என்றேன். கொஞ்ச நாளில் அவர் ஒரு குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். கூடவே ஒரு பழைய ஒற்றைக்குதிரை வண்டி.

"எண்ணெயை வீடு வீடாக் கொண்டுபோய்க் குடுக்கலாம்ல? குதிரை வண்டியில வருதுன்னா சனம் திரும்பிப் பாக்கும்" என்றார்.

"குதிரையைத்தான் பாக்கும். எண்ணெயை எவ பாப்பா?"

அவர் சொன்னதுதான் நடந்தது. சனம் குதிரையைப் பார்க்க வாசலுக்கு வந்தது, போன் எடுத்துப் படம் பிடித்தது, சும்மா பார்த்துவிட்டு உள்ளே போகக் கூச்சப்பட்டு அரை லிட்டர் எண்ணெய் வாங்கியது. வெட்கத்தில் ஓடுகிற வியாபாரமும் வியாபாரம்தானே!

அவள் நாட்டுக் குதிரை. செம்பட்டை நிறம், நெற்றியில் திருநீறு பூசியதுபோல ஒரு வெள்ளைக் கோடு. பேர் எதுவும் வைக்க வேண்டாம் என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். பேர் வைத்தால் பிறகு விற்க மனசு வராது. வீட்டுக்காரர் மறுநாளே 'பாப்பா' என்று கூப்பிட ஆரம்பித்தார். கேட்டால் அது பேர் இல்லையாம்.

அந்தப் பாப்பாவுக்கு அவர் போட்ட தீனியைப் பார்க்கவேண்டுமே. ஊறவைத்த கொள்ளு ஒரு வாளி. அதன்மேல் கம்பு. அதன்மேல் என் கடையிலிருந்து என்னைக் கேட்காமல் எடுத்த கடலைப் புண்ணாக்கு. கடைசியில் வாயில் ஒரு கருப்பட்டித் துண்டு. பந்தயத்தில் ஓடுகிற குதிரைக்குப் போடுகிற சாப்பாட்டை, எண்ணெய் டின் இழுக்கிறவளுக்குப் போட்டார். அவள் சும்மா இருப்பாளா? பால்காரர் வண்டியின் கண்ணாடியைக் கடித்துப் பிடுங்கினாள். கொடியில் காய்ந்த என் சேலையை மென்று பார்த்தாள். காலி டின்னை உதைத்ததில் அது பக்கத்துக் காம்பவுண்டைத் தாண்டிப் போய் விழுந்தது. கிட்டே போனால் காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு என்னை மாமியார் பார்வை பார்ப்பாள்.

"ரோசக்காரிடீ. நல்ல சாதிக் குதிரைன்னா அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டுக்காரர் பெருமைப்பட்டார்.

"எனக்கு வாச்சதெல்லாம் ரோசக்காரங்களாவே வருது" என்றேன்.

இதெல்லாம் பரவாயில்லை. அமாவாசை வந்தபோதுதான் வினை வந்தது.

எங்கள் பக்கத்தில் அமாவாசையன்று மாடு பூட்டமாட்டார்கள். ஏர் கிடையாது, வண்டி கிடையாது. வீட்டுக்காரர் விவசாயம் பார்த்த சம்சாரி வீட்டுப் பிள்ளை. மாட்டுக்கு உள்ள சட்டம்தான் குதிரைக்கும் என்று சொல்லி அன்றைக்கு அவளைக் கொட்டகையிலேயே நிறுத்திவிட்டார். லீவு நாளாச்சே என்று இன்னும் ஒரு படி கொள்ளு அதிகம் போட்டார். இது போதாதென்று தெரு வந்தது.

அமாவாசைக்கு வீட்டில் இறந்தவர்களுக்குப் படையல் போட்டு, காக்காய்க்குச் சோறு வைத்து, பசுமாட்டுக்கு அகத்திக்கீரையோ வாழைப்பழமோ வெல்லம் கலந்த பச்சரிசியோ கொடுத்துவிட்டுத்தான் சாப்பிடுவார்கள். காக்காய்க்குப் பஞ்சமில்லை. மாட்டுக்கு எங்கே போவது? எங்கள் தெருவில் இருந்த கடைசிப் பசுவையும் விற்றுவிட்டு அந்த இடத்தில் மாடி கட்டி வாடகைக்கு விட்டாயிற்று. முன்பெல்லாம் தட்டை எடுத்துக்கொண்டு மாடு தேடிப் புறவழிச்சாலை வரைக்கும் போவார்கள். இப்போது தெருவிலேயே நாலு காலோடு ஒன்று நிற்கிறது. "அதுவும் வாயில்லாச் சீவன்தானே" என்று யாரோ ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான். விடிந்ததிலிருந்து கொட்டகை வாசலில் தட்டும் கிண்ணமுமாக வரிசை. எங்கள் பாப்பா ஒரே நாளில் தெருவின் முன்னோர்கள் அத்தனை பேர் பங்கையும் தின்று தீர்த்தாள்.

அதில் முதல் ஆள் எதிர்வீட்டு மதினி. என்னைவிட மூத்தவர், வீட்டுக்காரரை இழந்து தனியாக இருக்கிறவர். சொந்தம் எதுவும் இல்லை, தெருப் பழக்கத்தில் மதினி. எனக்கும் அவருக்கும் ஆகாது. எதிரே செக்கு ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, சூப்பர் மார்க்கெட்டிலிருந்து பாக்கெட் எண்ணெய் வாங்கி, பை தெரிகிற மாதிரி தூக்கிக்கொண்டு என் கடை வழியாகவே நடந்து வருவார். அப்படிப்பட்டவர் என் குதிரைக்கு மட்டும் பெரிய கிண்ணம் நிறைய வெல்லப் பச்சரிசி, தேங்காய்ப்பூ, தன் தம்பி தோட்டத்துப் பன்னீர் திராட்சை என்று கொண்டுவந்து கொட்டுவார். அவள் தின்று முடிக்கும்வரை நின்று பார்ப்பார். என்னிடம் ஒரு வார்த்தை பேசமாட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

சித்திரை அமாவாசைக்கு மறுநாள், வீரபாண்டிக்கு எண்ணெய் கொண்டுபோகிற வழியில் அது முதல்முறை நடந்தது. காலையில் பூட்டும்போதே அவள் துள்ளினாள். வீட்டுக்காரரும் உற்சாகத்தில் ஓட விட்டார். பாதி வழிகூடத் தாண்டவில்லை, நடை கட்டையாகிப்போனது. உடம்பெல்லாம் வேர்த்து ஒழுகியது. பின்னங்கால் இரண்டும் நட்டுவைத்த கம்பம்போல நின்றுவிட்டன. பின்புறத்தைத் தொட்டால் கல். பிறகு அவள் மூத்திரம் பெய்தாள். கடுங்காப்பி நிறத்தில் வந்தது. வீட்டுக்காரர் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் ஊரில் ஒருவர் ரோட்டில் உட்கார்ந்தால் போதும், பத்துப் பேர் யோசனை சொல்ல வந்துவிடுவார்கள். ஒருவர் கண்ணேறு என்றார். ஒருவர் காத்துக்கருப்பு என்றார். ஒருவர் கௌமாரியம்மனுக்குக் காசு முடிந்து வைக்கச் சொன்னார். சில நாள் ஓய்வில் அவள் தானாகவே தேறிவிட்டாள். வைகாசி அமாவாசைக்கு மறுநாள் மறுபடியும் அதே கூத்து. வீட்டுக்காரர் கோடாங்கி ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் உடுக்கடித்துப் பார்த்து, அமாவாசை இருட்டில் ஏதோ வந்து இறங்குகிறது என்று சொல்லி, அவள் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் எலுமிச்சம்பழம் கட்டிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே கயிற்றைத் தேய்த்து அறுத்துப்போட்டு, கீழே விழுந்த பழத்தைப் பாப்பா தின்றுவிட்டாள்.

மூன்றாவது ஆனியில். இந்தமுறை கொட்டகையிலிருந்து தெருமுனை தாண்டவில்லை, வண்டியோடு சரிந்துவிட்டாள். நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து வாரை அவிழ்த்தோம். அவள் கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்துக்கொண்டே நடுங்கினாள். கடிக்கவும் இல்லை, உதைக்கவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எத்தனையோ நாள் அவளைத் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "எந்திரிடீ, எந்திரிச்சு ஒரு உதை விடுடீ" என்று அழுதேன்.

கால்நடை டாக்டரம்மா ஸ்கூட்டரில் வந்தார். ஊசி போட்டார். நடக்கவைக்க வேண்டாம், நிழல் கட்டுங்கள், தண்ணீர் வையுங்கள் என்றார். பிறகு சாவகாசமாகக் கேட்டார்.

"நேத்து என்ன வேலை குடுத்தீங்க?"

"நேத்து அமாவாசைங்க. சும்மா நின்னா" என்றார் வீட்டுக்காரர்.

"தீனி?"

அவர் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தார். கொள்ளு, கம்பு, புண்ணாக்கு, கருப்பட்டி. அவர் நிறுத்திய இடத்திலிருந்து நான் தொடர்ந்தேன். வெல்லப் பச்சரிசி, வாழைப்பழம், திராட்சை, யார் வீட்டுப் பாயசமோ ஒன்று. டாக்டரம்மா கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"பேயும் இல்லை, பிசாசும் இல்லை. உழைக்கிற உடம்பு இந்த மாவையும் இனிப்பையும் எரிச்சிரும். சும்மா நிக்கிற அன்னைக்கு அத்தனையும் தசையில போய்த் தங்கிரும். மறுநாள் எடுத்ததும் ஓட விட்டா தசை இறுகிப் பிடிச்சுச் சிதையுது. கறுப்பா வந்தது மூத்திரம் இல்லை, அந்தத் தசையோட சாயம். இன்னொரு தடவை இப்படி விழுந்தா சிறுநீரகம் போயிரும். பிறகு நான் வந்து புண்ணியம் இல்லை."

"இந்தக் கடிக்கிறது, உதைக்கிறது?"

"வேலைக்கு மேல தின்னக் குடுத்து ஒரே இடத்துல கட்டிவச்சா வேற என்னம்மா செய்யும்?"

நான் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். "குதிரைக்கு மட்டுந்தானா டாக்டரம்மா, இல்ல பொதுவாச் சொல்றீகளா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. டாக்டரம்மா போனபின்தான் விஷயத்தைச் சொன்னார். கூடலூரில் ஜீப் வைத்து ஓட்டுகிற ஒருவர், குமுளிக்கு வருகிற சுற்றுலாக்காரர்களை ஏற்றிப் படம் பிடிக்க ஒரு குதிரை கேட்டிருக்கிறார். இவர் பயந்துபோய், தருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

"அங்கன போனா பொழைச்சுக்கிருவா. இங்கன வச்சுக்கிட்டு எங் கண்ணு முன்னால சாகவிட என்னால முடியாது" என்றார். முப்பத்தைந்து வருசத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அங்கன என்ன அமாவாசையே வராதா? வார போற வெள்ளைக்காரனெல்லாம் பிஸ்கட்டு குடுப்பான், சாக்லேட்டு குடுப்பான். ஒரே மாசத்துல தூக்கிப் போட்ருவாக." கடைசியில் இருவரும் ஒரு முடிவுக்கு வந்தோம். வருகிற ஆடி அமாவாசை போகட்டும். மறுநாள் காலையில் அவள் கால் இழுத்தால் கூடலூர்க்காரர் ஓட்டிக்கொண்டு போகட்டும். இழுக்காவிட்டால் அவள் எங்கள் வீட்டுப் பெண். கூடலூர்க்காரருக்கும் போனில் அப்படியே சொல்லிவிட்டோம்.

அன்றிலிருந்து கொட்டகை ஆஸ்பத்திரி ஆனது. கொள்ளும் கம்பும் கைப்பிடிக்கு இறங்கின. கருப்பட்டி நின்றது. சோளத்தட்டையும் கடலைக்கொடியும் காய்ந்த புல்லும் நாள் முழுக்க மெல்ல மெல்லக் கிடைத்தன. ஒரு உப்புக்கட்டி தொங்கியது. மாவுக்குப் பதிலாக எண்ணெய் கொடுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள் என்று டாக்டரம்மா சொன்னதால் தவிட்டில் என் கடலை எண்ணெயைப் பிசைந்து வைத்தேன். முதல்நாள் மூக்கைச் சுருக்கிக்கொண்டு திரும்பி நின்றாள். "ஏய், இது செக்கு எண்ணெய்டீ. நாலு ஊர்க்காரன் தேடி வந்து வாங்குறான்" என்று அதட்டினேன். மூன்றாம் நாள் சட்டியை நக்கினாள். தெருவில் பாதிப் பேர் பாக்கெட் எண்ணெய்க்குப் போய்விட்ட காலத்தில் எனக்கு ஒரு விசுவாசமான வாடிக்கை கிடைத்தது.

உடற்பயிற்சியை வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார். டாக்டரம்மா சொன்னதை அவர் பேருந்துப் பாஷைக்கு மாற்றிக்கொண்டார். "காலையில எடுத்த ஒடனே முறுக்கக் கூடாதுடீ. இஞ்சின் சூடாகட்டும். முதல்ல ஒண்ணாவது கியர்" என்று சொல்லிக்கொண்டே, பூட்டுவதற்கு முன் அவளைக் கயிற்றில் பிடித்து மெதுவாக நடத்துவார். வேலை முடிந்து வந்ததும் சட்டென்று நிறுத்தாமல் மறுபடி ஒரு நடை. வேலை இல்லாத நாளிலும் நடை உண்டு, தீனி குறைவு. கொஞ்ச நாளில் அவள் குணமே மாறிப்போனது. பால்காரர் கண்ணாடியைப் பார்த்தாள், கடிக்கவில்லை. நான் கிட்டே போனால் காது முன்னால் வந்தது. வீட்டுக்காரருக்கும் வேட்டி இறுக்கிக் கட்ட வேண்டியதாயிற்று. டிவி முன்னால் பிரேக் போடுவதும் நின்றது.

அமாவாசைக்கு நடக்கலாமா என்று மட்டும் அவர் இழுத்தார். "பூட்டத்தான கூடாது? நடக்கக் கூடாதுன்னு எவன் சொன்னான்? காக்கா பறக்கலையா, நீங்க டீக்கடைக்குப் போகலையா?" என்றேன். ஒத்துக்கொண்டார்.

தெருவை ஒத்துக்கொள்ள வைப்பதுதான் பெரும்பாடு. தெரு வாட்ஸப் குழுவில் விளக்கமாக எழுதினேன். குதிரைக்கு மாவும் இனிப்பும் ஆகாது, தசை பிடிக்கிறது, தயவுசெய்து யாரும் கொடுக்கவேண்டாம். பதிலுக்குக் கும்பிடுகிற கைப் படம் நிறைய வந்தது. ஒருவர் கீழேயே, ஆடி அமாவாசைக்குச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவரலாமா என்று கேட்டிருந்தார். நேரில் சொன்னால், "ஒரு வாய் தின்னா என்னத்தா ஆகிரப்போகுது? செத்தவுகளுக்குக் குடுக்குறத வேணாம்னு சொல்லலாமா?" என்று என்னைப் பாவி மாதிரி பார்த்தார்கள். தசையைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்!

ஆடி அமாவாசைக்கு முதல்நாள் காலை, பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது எனக்கு அந்த யோசனை வந்தது. நேரே போய் எல்லா வாசலிலும் ஒரே வாக்கியம் சொன்னேன். "எங்க பாப்பா நாளைக்கு விரதம்."

"குதிரையா?"

"ஆமா. வேண்டுதல். வைக்கோலும் தண்ணியும்தான்."

ஒருவர்கூட எதிர்த்துப் பேசவில்லை. யாருக்கு வேண்டுதல், எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. மருந்துச்சீட்டுக்கு மசியாத தெரு, விரதம் என்றதும் கையைக் கட்டிக்கொண்டது. ஆடி அமாவாசைக் காலையில் பெண்கள் வெறுங்கையோடு வந்து அவள் நெற்றிக்குக் குங்குமம் வைத்துவிட்டுப் போனார்கள். ஒருவர் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டார். வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் கொட்டகைக்குள் ஓடி ஒளிந்துகொண்டார். எனக்கு என் புத்தியை நினைத்தே பெருமை தாங்கவில்லை.

அப்போதுதான் எதிர்வீட்டு மதினி வந்தார். கையில் அதே பெரிய கிண்ணம். வெல்லத்தின் வாசம் கேட்டுக்கு இந்தப்பக்கம் வரை அடித்தது. உள்ளே பாப்பா கனைத்தாள்.

"மதினி, இன்னைக்கு அவ விரதம்" என்றேன்.

"கேள்விப்பட்டேன். எப்ப முடிப்பா?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "நாளைக்குக் காலையில" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"சரி. அவ முடிக்கிற வரைக்கும் நானும் சாப்பிடல. இவ வாயில போடாம நான் ஒரு நா அமாவாசையும் சாப்பிட்டதில்ல." சொல்லிவிட்டு, கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் கேட்டுக்குப் பக்கத்தில், காம்பவுண்டு நிழலில் உட்கார்ந்துவிட்டார்.

வீம்புக்குச் செய்கிறார், பசித்தால் போய்விடுவார் என்று நினைத்தேன். பதினோரு மணி ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. ஆடிக்காற்று தெருப்புழுதியை வாரி அவர்மேல் போட்டது. கிண்ணத்தை மட்டும் முந்தானையால் மூடிக்கொண்டார். இரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். எங்கள் தெருவில் யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். மதியம் தாண்டியதும் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கவில்லை.

அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "மதினி, விரதமெல்லாம் நாங் கட்டுன கதை. இந்தப் பச்சரிசியும் வெல்லமும் தின்னா நாளைக்கு அவ விழுந்துருவா. விழுந்தா கூடலூர்க்காரரு ஏத்திட்டுப் போயிருவாரு. சத்தியமாச் சொல்றேன், உங்க மேல உள்ள கோவத்துல இல்ல."

அவர் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எங்க வீட்டுக்காரவுகளுக்கு இனிப்புன்னா உசுரு. சக்கரை வந்துருச்சு. கடைசி அஞ்சு வருசம் ஒரு கட்டி வெல்லம் நாங் குடுக்கல. வெல்லப் பானையப் பூட்டி சாவிய இடுப்புல சொருகி வச்சுருந்தேன். கல்யாண வீட்டுக்குப் போனா பக்கத்துலயே உக்காந்து, எலையில வச்ச லட்ட எடுத்துருவேன். சாகுறதுக்கு முந்துன நா, 'ஒரு வாய் அதிரசம் தாடீ'ன்னு கேட்டாக. குடுக்கல. நல்லாயி வந்து தின்னுங்கன்னு சொன்னேன்." முந்தானையைச் சரிசெய்தார். "அதுக்குத்தான் இத்தன இனிப்பு. இவ அரைச்சுத் திங்கிறதப் பாத்தா அவுகளே திங்கிற மாதிரி இருக்கும். நல்லாத் தின்னுங்க, நல்லாத் தின்னுங்கன்னு மனசுக்குள்ள சொல்லிக்குவேன். இப்ப இவளுக்கும் குடுக்கக் கூடாதுன்னா நான் எங்க போயிக் குடுப்பேன்?"

எழுந்துபோய், கொட்டகை ஓரத்து அகத்தி மரத்தில் ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு வந்தேன். "இது குடுக்கலாம் மதினி. ஒரு கைப்பிடி. டாக்டரம்மா சம்மதிச்சாக."

அவர் கேட்டுக்குள் வந்தார். கீரையை நீட்டினார். பாப்பா பறித்து, கண்ணை மூடிக்கொண்டு நறநறவென்று மென்றாள். மதினி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அவுகளுக்கு அகத்திக்கீரைன்னாலே ஆகாது. மூஞ்சியச் சுழிப்பாக. இவ பாரு, என்னமாத் திங்கிறா" என்றார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

அது அவளுடைய சாயங்கால நடைக்கு நேரம். வீட்டுக்காரர் கயிற்றை எடுத்தார். மதினி கையை நீட்டினார், அவர் கொடுத்துவிட்டார். முல்லையாற்றுத் தடுப்பணை வரைக்கும் மூவரும் பாப்பாவோடு ஒன்றாவது கியரில் நடந்து போனோம். கிண்ணம் என் கையில். வழியில் வீட்டுக்காரர் இரண்டு தடவை அதற்குள் விரலை விடப் பார்த்தார், இரண்டு தடவையும் தட்டிவிட்டேன். ஆற்றங்கரையில் மதினி பச்சரிசியை அள்ளி அள்ளித் தண்ணீரில் போட்டார். மீன்கள் கூட்டமாக வந்து மொய்த்தன. மீனுக்குச் சர்க்கரை வியாதி வருமா என்று டாக்டரம்மாவிடம் நான் இதுவரை கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை. திரும்பிவந்து மதினி எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டார். சாம்பாரில் எண்ணெய் வாசம் நல்லாயிருக்கிறது என்று வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் கூடலூர்க்காரர் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியோடு வந்து நின்றார். குதிரையை ஏற்ற மரப்பலகையெல்லாம் கொண்டுவந்திருந்தார். வீட்டுக்காரர் பாப்பாவைக் கயிற்றில் பிடித்து வெளியே கொண்டுவந்தார். தெரு முழுக்க வாசலில் நின்றது.

ஒன்றாவது கியர். தெருமுனை வரை போனாள், திரும்பினாள். பின்னங்கால் விறைப்பில்லாமல், துணி மடிக்கிற மாதிரி லேசாக மடங்கி மடங்கி வந்தது. மறுபடி போனாள். பிறகு ஒரு சின்ன ஓட்டம். திரும்பி வந்து கேட்டுக்கு முன்னால் நின்று, காலை அகட்டி மூத்திரம் பெய்தாள். நான், வீட்டுக்காரர், மதினி, கூடலூர்க்காரர் நாலு பேரும் குனிந்து பார்த்தோம். எலுமிச்சைச் சாறு நிறம். வீட்டுக்காரர் அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். உலகத்தில் யாரும் அதைக் கும்பிட்டிருக்கமாட்டார்கள்.

"அட, நல்லாத்தான இருக்கு? ஏத்திவிடுங்க, நான் வச்சுக்கிறேன்" என்றார் கூடலூர்க்காரர்.

"இல்லண்ணே. நாம பேசுனபடிதான். கால் இழுக்கல, குடுக்கல" என்றார் வீட்டுக்காரர். கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார். கூடலூர்க்காரர் நல்ல மனிதர். சும்மா திரும்பக் கூச்சப்பட்டு ஒரு லிட்டர் நல்லெண்ணெய் வாங்கிக்கொண்டு போனார்.

தெரு கலைந்தது. மதினி மட்டும் போகவில்லை. பாப்பாவின் பின்தொடையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். மெத்தென்று இருந்தது. அங்கேயே கையை வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"நாங் குடுக்காம இருந்ததுல ஒண்ணும் குத்தமில்லைல்ல, ஆத்தா?"

அவர் நேற்றைய பச்சரிசியைப் பற்றிக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

"இல்ல மதினி. அவுக அஞ்சு வருசம் கூட இருந்தாகன்னா அது நீங்க குடுக்காததாலதான்" என்றேன்.

அவர் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். மூக்கை உறிஞ்சினார். பிறகு திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்து, "என்ன நின்னுக்கிட்டு இருக்கீக? வெயிலு ஏறுது, வண்டியப் பூட்டுங்க" என்று அதட்டினார்.